இரைச்சல் இல்லாத ஆம்ப்

தாராவி,
ஜூன் 12

மதிப்பிற்குரிய திருமதி ஜாக்குலின் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மின்னஞ்சல் கிடைத்து நெடுநாள் கழித்து இம்மறுமொழியை வரைவதற்கு முதற்கண் மன்னிப்பைக் கோருகிறேன். பெருநாள் விருந்தினர் வருகையும், என் கணவர் கரீம் பாட்சாவின் தோல்பைப் பட்டறைக்கு வந்த அவசர ஆர்டரும் என் பொழுதைப் பறித்துக்கொண்டன. தாமதத்துக்கு அலட்சியம் காரணமன்று.

பழைய பொருள் விற்கும் அந்தத் தளத்தில் பேஸ் கிட்டாரும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பும் விற்பனைக்கு என்று தமிழில் ஒரு விளம்பரத்தைக் கண்டு வியந்ததாக எழுதியிருந்தீர்கள். முன்பு ஆங்கிலத்தில் இட்டுப் பார்த்தேன். எனக்கு வந்த விசாரணைகள் எல்லாம் இவ்வகையே: "லாஸ்ட் பிரைஸ் போலோ ஆன்டி." "ஆன்டி, யே பையா கா கிட்டார் ஹை க்யா?" எந்த அண்ணனுடைய கிட்டாரும் அல்ல. என்னுடையது. தமிழில் இட்ட பின்னர் எழுதியவர் தாங்கள் ஒருவரே. அதுவும் பிழையின்றி.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் எட்டாம் வகுப்பு வரை இந்திப் பள்ளியில் பயின்றவள். தமிழ் எழுத்தை, கடிதம் எழுதும் முறைகள் பற்றிய ஒரு கைநூலை வைத்து நானே கற்றுக்கொண்டேன். பேஸ் கிட்டாரும் அவ்வாறே. பட்டறையில் மீந்த தோலில் கிட்டார்ப் பட்டைகள் தைத்து விற்று வந்தேன். பட்டை தோளில் எப்படி அமர்கிறது என்று அறிய ஒரு கிட்டார் தேவைப்பட்டது. பழையது ஒன்றை வாங்கிச் சோதித்துவிட்டுத் திரும்ப விற்றுவிட எண்ணியிருந்தேன். தடித்த நாலாம் கம்பியை ஒரு முறை மீட்டினேன். பிறகு விற்கவில்லை. அதன்பின் எத்தனையோ கிட்டார்களும் ஆம்ப்களும் எங்கள் வீட்டுப் பரணுக்கு ஏறி இறங்கிவிட்டன.

இனிப் பொருளுக்கு வருகிறேன். கிட்டாரின் கழுத்து நேராக உள்ளது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தே சொல்கிறேன். ஆம்ப் வெளிநாட்டுத் தயாரிப்பு. கப்பல் இசைக்குழுவில் இருந்த ஒருவரிடம் வாங்கியது. அதன் முழக்கத்துக்கு ஈடு இப்போது வருபவற்றில் இல்லை. ஆயினும் வாங்கிய நாளில் அது ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. ரிப்பேர்க்காரர் இருவர் பார்த்துவிட்டுக் கைவிரித்தனர். நான் ஒரு பிற்பகல் முழுவதும் அதன் முன் அமர்ந்து யோசித்தேன். பின்னர் பிளக்கைத் திறந்து, அதிலிருக்கும் மூன்று ஒயர்களில் பச்சை ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி உள்ளேயே மடக்கி வைத்து மூடினேன். முனகல் அக்கணமே நின்றது. வெளியே பார்ப்பவருக்குப் பிளக்கின் மூன்று கால்களும் அப்படியே தெரியும். மின்சாரத்தைக் கொண்டுவந்து கொண்டுபோக இரண்டு ஒயர்கள் போதும் என்பதே என் அனுபவம். மூன்றாவது, ஊர்வலத்தில் சும்மா உடன் வருபவரைப் போன்றது.

தாங்கள் எங்கு, எவ்வகைப் பாடல்களுக்கு வாசிப்பவர் என்று அறிய விரும்புகிறேன். யாரிடம் போகிறது என்று தெரியாமல் நான் எதையும் விற்பதில்லை.

தங்கள் நலம் நாடும்,
சபுரா கரீம் பாட்சா


கல்யாண்,
ஜூன் 15

அன்புள்ள சபுரா அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அக்கா என்று எழுதலாம்தானே? உங்கள் கடிதத்தை என் தம்பி ஏஞ்சலோவுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். பாதியில் நிறுத்தி, "ஜாக்கி, இவங்க ஆம்ப் விக்காங்களா, இல்ல கோர்ட்டுல கேஸ் போடுதாங்களா?" என்று கேட்டான். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கும் உங்கள் எழுத்து பிடித்துவிட்டது.

நான் ஐரோலியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு கல்யாணில். எங்கள் தமிழ்க் கோயிலின் பாடகர் குழுவில் நான் பாடுகிறேன், ஏஞ்சலோ கீபோர்டு வாசிக்கிறான். எங்களுக்கு பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போனதும் அந்த இடம் காலியாகிவிட்டது. போன தவக்காலத்தில் நானே விளையாட்டாக எடுத்தேன். பாடிக்கொண்டே வாசிப்பது முதலில் ஒரே சமயத்தில் சிரிக்கவும் அழவும் சொல்வது போல இருந்தது. இப்போது வருகிறது.

எங்களிடம் இருப்பது கடன் வாங்கிய ஆம்ப். அது போடும் சத்தத்தில் பங்குச் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "எம்மா, அந்தக் கொசுவைக் கொஞ்சம் அடக்கு" என்றார். கோயிலே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழா. அன்றைக்குப் பாடுவது எங்கள் குழுதான். இந்த வருஷம் நன்றாக வராவிட்டால் வெளியிலிருந்து ஒரு செட்டைக் கூட்டி வந்துவிடுவதாகக் கமிட்டியில் பேச்சு இருக்கிறது. அதனால்தான் 'இரைச்சல் அறவே இல்லாதது' என்ற உங்கள் விளம்பர வரியைப் பார்த்ததும் எழுதினேன்.

பச்சை ஒயர், சிவப்பு ஒயர் எதுவும் எனக்குத் தெரியாது அக்கா. நீங்கள் செய்ததென்றால் சரியாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் தம்பியோடு வரட்டுமா?

அன்புடன்,
ஜாக்குலின்


தாராவி,
ஜூன் 30

அன்பிற்குரிய சகோதரி ஜாக்குலின் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய விழைகிறேன்.

தாங்களும் தம்பியும் வந்துபோன ஞாயிறு, எங்கள் வீட்டில் இன்னும் பேச்சாக உள்ளது. தாங்கள் என் பரணில் அமர்ந்து அந்த நாலாம் கம்பியை மீட்டியபோது கீழ் வீட்டு ஃபர்ஸானா ஏணியடியில் வந்து நின்று, "அக்கா, ஒங்க பூகம்பம் முடிஞ்சா சொல்லுங்க, தோசை ஊத்தணும்" என்று கூவினாளே, அவள் இப்போது தினமும், "அந்த கல்யாண் அக்கா எப்ப வருவாங்க?" என்கிறாள். நான் வாசிக்கையில் ஒரு நாளும் அவள் இவ்வாறு கேட்டதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

தங்களிடம் நான் கேட்ட கேள்விகளைப் பொறுத்தருள வேண்டும். தாங்கள் சென்ற பின்னர் என் கணவர், "ஏ புள்ள, நீ ஆம்ப் வித்தியா, பொண்ணு குடுத்தியா? அந்தப் பிள்ளைட்ட கல்யாணச் சாப்பாட்டு முறை மட்டுந்தான் நீ கேக்கல" என்றார். அவருக்கு இவற்றின் அருமை தெரியாது. தம்பி ஏஞ்சலோ அதைத் தூக்க முயன்று, "இது ஆம்பா அலமாரியா? உள்ள யாரும் குடியிருக்காங்களா?" என்று கேட்டதையும் நான் மறக்கவில்லை. டெம்போவில் ஏற்றும்போது அவர் அதைச் சாய்த்த விதம் எனக்கு உவப்பாக இல்லை.

சில குறிப்புகள்: ஆம்பை இயக்குமுன் ஒலிக் குமிழைப் பூச்சியத்தில் வைக்கவும். கிட்டாரின் ஒயரைச் செருகிய பின்னரே இயக்கவும். நான் மரப் பரணில், ரப்பர் செருப்பு அணிந்து அமர்ந்தே வாசிப்பவள். எனக்கு ஒரு நாளும் எவ்விதத் தொல்லையும் நேர்ந்ததில்லை.

அது இருந்த மூலை இப்போது வெறுமையாக இருக்கிறது. எழுதுக.

என்றும் அன்புடன்,
சபுரா


கல்யாண்,
ஜூலை 20

அன்புள்ள சபுரா அக்காவுக்கு,

உங்கள் ஆம்ப் நலமாக இருக்கிறது. முதலில் அதைத்தானே கேட்பீர்கள்!

இத்தனை நாள் வீட்டில் வைத்துத்தான் பழகினேன். ஐரோலியிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அதன் முன்னால் நின்றுவிடுவேன். எங்கள் வீட்டுத் தரை சில்லென்று இருப்பதால் எப்போதும் ரப்பர் செருப்புதான், உங்களைப் போலவே. சத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். நான் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. அப்பா ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "எம்மா, நெஞ்சுக்குள்ள வந்து தட்டுது" என்கிறார். அவருக்குக் காது மந்தம். என் பாட்டைவிட இதுதான் அவருக்கு நன்றாகக் கேட்கிறது.

போன சனிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய் முதல் ரிகர்சல் வைத்தோம். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கமிட்டித் தலைவரே வந்து, "எங்க வாங்குன? தாராவிலயா? தாராவில இதெல்லாம் கெடைக்குதா?" என்றார். "எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க. இன்டர்வியூ உண்டு" என்றேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பாடும்போது உதடு மைக்கில் பட்டால் சுருக்கென்றது. எறும்பு கடிப்பது போல. முதலில் மைக்கில்தான் ஏதோ பூச்சி என்று நினைத்துத் துடைத்தேன். மறுபடியும் சுருக். கிட்டாரை விட்டுவிட்டுப் பாடினால் ஒன்றும் இல்லை. ஏஞ்சலோ, "மாதா முத்தம் குடுக்காங்க, வாங்கிக்கோ" என்று கிண்டல் பண்ணுகிறான்.

இது சகஜம்தானே அக்கா? நீங்கள் சொன்னால் நிம்மதியாக இருப்பேன்.

அன்புடன்,
ஜாக்குலின்


தாராவி,
ஜூலை 24

அன்பிற்குரிய சகோதரி,

தங்கள் கடிதத்தைப் பெருமிதத்துடனும், அதன் இறுதிப் பகுதியைச் சற்று மனவருத்தத்துடனும் படித்தேன்.

தங்கள் வீட்டில் அந்த ஆம்ப் ஒரு மாதம் எவ்விதக் குறையுமின்றி இயங்கியுள்ளது. என் வீட்டில் அதற்கு முன்னர் ஆண்டுக்கணக்கில் இயங்கியுள்ளது. தங்கள் ஆலயத்துக்குச் சென்றதும் தொல்லை தருகிறதெனில், தொல்லை ஆலயத்தில் உள்ளது. கிட்டாரைத் தொடும்போது மட்டும் என்கிறீர்கள். உதடு மைக்கில் படும்போது மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறீர்கள். நான் மைக்கையே சந்தேகிக்கிறேன். பொதுவிடங்களில் மைக் இணைப்புகளை யாரும் பராமரிப்பதில்லை. தகுந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு மைக் செட்டுக்கு முறையான எர்த் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வெறுங்காலில் நின்றால் ஷாக் அடிக்கும் என்பார்கள்; தங்கள் விஷயத்தில் எனக்கு அக்கவலை இல்லை. மாஹிம் தேவாலயத்தில் தங்கள் சமயத்தினர் ஷூவும் செருப்பும் அணிந்தவாறே உள்ளே சென்று வழிபடுவதைப் பலமுறை கண்டுள்ளேன். எங்கள் பள்ளிவாசலில் அது ஆகாது. தங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாதது இசைக் கலைஞருக்கு ஒரு வசதியே.

என் மகள் அஃப்ஷா எலக்ட்ரிகல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்தவள் தங்கள் கடிதத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "உம்மா, அந்தப் பச்சை ஒயரு சும்மா கெடக்குற ஒயரு இல்ல. உள்ள ஏதாவது கெட்டுப்போயி பாடிக்கு கரண்டு வந்துட்டா, அதைப் பூமிக்குள்ள கொண்டு போயிர்றது அதுதான். நீ என்ன காய்கறியா ஆயுத, வேண்டாததக் கிள்ளிப் போட?" என்றாள். இரண்டு பருவங்கள் படித்ததும் உலகம் கைக்குள் வந்துவிட்டதாக எண்ணும் வயது. நான் இவ்வாறே பச்சை ஒயரைக் கழற்றிய, பரணிலுள்ள மற்றோர் ஆம்பின் மேல் டெஸ்டரை வைத்து, விளக்கு எரிவதைக் காட்டி என்னை அச்சுறுத்தவும் முயன்றாள். மழைக்காலத்தில் டெஸ்டர் எதன்மேல் வைத்தாலும் எரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று நாட்களாக அவள் என்னுடன் பேசுவதில்லை.

என் வேலையில் தங்களுக்கு ஐயம் இருப்பின், ஆம்பைத் திருப்பி அனுப்பிவிடலாம். கொடுத்த தொகை மறுநாளே தங்களைச் சேரும். வருத்தம் கொள்ள மாட்டேன்.

நலம் நாடும்,
சபுரா


கல்யாண்,
ஆகஸ்ட் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை வருத்தப்பட வைத்துவிட்டேன். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு ஐரோலியில் வேலையே ஓடவில்லை. அந்த ஆம்பைத் திருப்பி அனுப்புவதா? எங்கள் வீட்டில் அப்பாவை அனுப்பினாலும் அனுப்புவோம், அதை அனுப்ப மாட்டோம். உங்கள் மேல் எனக்கு ஒரு துளி ஐயமும் கிடையாது. அஃப்ஷா உங்களோடு பேசிவிட்டாளா? பேசச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்தாகிவிட்டது. நேற்றைக்குக் கொடியேற்றம். அதற்கு முன்பே கமிட்டியில் சண்டை போட்டு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். அவர் பார்த்துவிட்டு, "எர்த்தே இல்ல மேடம், எல்லாம் துரு" என்றார். கோயிலுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி, தகடு புதைத்து, அங்கிருந்து தடி ஒயர் இழுத்து நேராக மைக் செட்டில் கட்டியிருக்கிறார். குழி வெட்டும்போது ஏஞ்சலோ எட்டிப் பார்த்து, "அண்ணே, யாரைப் பொதைக்கப் போறீங்க?" என்றான். "கரண்ட்ட" என்றார் அவர் சிரிக்காமல். அவரும் எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம்தான்.

இப்போது மைக் நன்றாக இருக்கிறது என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆம்பின் பிளக்கையும் பார்த்தார். "மூணு பின்னும் இருக்கு, பிரச்சினை இல்ல" என்றார். உங்கள் வேலையின் நேர்த்தி அப்படி! பச்சை ஒயர் கதையை நானும் அவரிடம் எடுக்கவில்லை.

சுருக் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முன்னைவிடக் கொஞ்சம் கூட என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மைக்கில் ஒரு பஞ்சு உறை மாட்டிக்கொண்டேன், உதடு நேராகப் படாது. சமாளித்துக்கொள்வேன். நேற்றைக்கு நவநாள் பாட்டில் பேஸ் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அதை வாசித்து முடித்தபோது சாமியார் பீடத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். கொசு என்றவர்தான்!

எல்லாம் உங்களால்தான்.

பாசமுள்ள,
ஜாக்குலின்


தாராவி,
ஆகஸ்ட் 10

பேரன்பிற்குரிய சகோதரி,

தங்கள் கடிதம் என் மனச்சுமையை இறக்கியது. எலக்ட்ரீஷியனின் சொற்கள் என் கூற்றை மெய்ப்பித்துவிட்டன. அவற்றை அஃப்ஷாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் புது எர்த் பற்றிய பகுதியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு, "அவங்க செருப்போடதான நிக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆம் என்றேன். "அப்ப சரி" என்றவள் முகம் சரியாக இல்லை. கல்லூரிக்குத் திரும்பும் முன் பச்சை ஒயரைப் பழையபடி மாட்டச் செய்யும்படி தங்களிடம் சொல்லுமாறு வற்புறுத்தினாள். திருவிழா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் கூறினேன். இப்போது மாட்டினால் முனகல் திரும்ப வந்துவிடும். விழா நேரத்தில் தங்களுக்கு அந்த அவமானம் மீண்டும் நேர்வதை நான் விரும்பவில்லை.

தாங்கள் வாசிக்கும் நிலையில் எடுத்த புகைப்படம் ஒன்றை அனுப்பி வைக்க இயலுமா? கிட்டாரோடு தந்த, நான் தைத்த பட்டை தோளில் எங்ஙனம் அமர்ந்துள்ளது என்று காண ஆவல்.

வாழ்த்துகளுடன்,
சபுரா


கல்யாண்,
ஆகஸ்ட் 14, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், தலைக்கு மேல் வேலை. இதோ நீங்கள் கேட்ட படம். நவநாள் கடைசி ரிகர்சலில் எடுத்தது. பட்டை எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். எங்கள் கால்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மழைக்குக் கோயில் முழுக்க ஒரே சேறு. காலையும் மாலையும் கழுவி விடுகிறோம், காய்வதே இல்லை. எல்லோர் பாதமும் ஊறிப்போய் அவித்த கிழங்கு போல இருக்கிறது.

உங்களிடம் சொல்ல நினைத்து நினைத்து விட்டுப்போனது ஒன்று: மாஹிமில் நீங்கள் பார்த்தது கோவா ஆட்கள். நம்ம ஊர்க் கோயில் வேறு அக்கா. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். பாடகர் குழுவும் அப்படித்தான். செருப்போடு பீடத்துக்குப் பக்கத்தில் நின்றால் அப்பா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். இந்த விஷயத்தில் நாம் ரெண்டு பேரும் ஒண்ணுதான்!

ஆம்ப் இன்றைக்குக் கொஞ்சம் முனகுகிறது. பின்பக்கம் லேசாகப் பொசுங்கின வாசம். ஏஞ்சலோ மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு என் கிட்டார்க் கம்பியைத் தொட்டவன், கையை உதறிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். "ஜாக்கி, இது எறும்பு இல்ல, மாடு" என்றான். தோள்பட்டை வரை வலிக்கிறதாம். நாளைக்கு அவன் தொட மாட்டான். நானும் பஞ்சு உறையோடு கவனமாகப் பாடிக்கொள்வேன். நாளை ஒரு நாள் அது ஒத்துழைத்தால் போதும். மறுநாளே உங்களிடம் கொண்டு வருகிறேன், என்னவென்று பாருங்கள். குறை சொல்வதாக நினைக்காதீர்கள்.

பத்து மணிக்குத் திருப்பலி. எல்லோரும் போனை அணைத்துச் சாக்ரிஸ்டி என்கிற பின்னறையில் வைத்துவிட்டு விடியலிலிருந்தே கோயிலில் இருப்போம். எனக்காக நீங்களும் ஒரு துஆ செய்யுங்கள்.

உங்கள் தங்கை,
ஜாக்குலின்


குர்லாவைத் தாண்டி, ரயிலில்,
ஆகஸ்ட் 15, காலை

சகோதரி ஜாக்குலின்,

இதைப் படிக்கும்போது கிட்டார் தோளில் இருந்தால் கம்பிகளைத் தொடாதீர்கள். மைக்கருகே போகாதீர்கள். முதலில் ஆம்ப் செருகியுள்ள சுவர் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். ஆம்பிலுள்ள சுவிட்ச் போதாது. அணைப்பவர் செருப்பு அணிந்திருக்க வேண்டும். அதன் பிறகே கிட்டாரை இறக்குங்கள். யாரேனும் அதில் ஒட்டிக்கொண்டால் மற்றவர் கையால் இழுக்கக் கூடாது. ஏஞ்சலோவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் இழுப்பார். இழுக்கக் கூடாது.

நேற்று மாலை பட்டறையில் இருந்தேன். தங்கள் கடிதத்தை இன்று காலையில்தான் திறந்தேன். பட்டையைத்தான் முதலில் பார்த்தேன். பட்டை நன்றாக இருந்தது. பிறகு கால்களைப் பார்த்தேன்.

அஃப்ஷாவைக் கைபேசியில் அழைத்துக் கடிதத்தைப் படித்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "உம்மா, உள்ள எரிஞ்சுக்கிட்டிருக்கு. கரண்டு கம்பி வரைக்கும் வந்தாச்சு. அது பூமிக்குப் போக பச்சை ஒயருதான் வழி, அத நீ எடுத்துட்ட. ஈரத்தரை, வெறுங்கால், மைக்குக்குப் புது எர்த்து. இப்ப அந்த அக்காதான் வழி" என்றாள். பிறகு, "கெளம்பு" என்றாள்.

தங்கள் எண் அணைந்திருக்கிறது. தம்பியின் எண்ணும். ஆலய அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. அஃப்ஷா விடுதியிலிருந்து விடாமல் அடிக்கிறாள். சயானில் கிடைத்த முதல் கல்யாண் வண்டியில் ஏறிவிட்டேன். தண்டவாளத்தில் தண்ணீர். வண்டி நிற்கிறது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. இறங்கி நடக்கலாம் என்று கதவருகே வந்தேன். கூட இருக்கும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஆன்டி, பாகல் ஹோ க்யா, கீழே கரண்ட் இருக்கும்" என்று ஒருத்தி எனக்குப் பைத்தியமா எனக் கடிந்துகொண்டாள்.

பஞ்சு உறை உதவாது. கம்பியும் தரையும் போதும். மைக் ஸ்டாண்டில் கை பட்டாலும் போதும். மைக்குக்கு எர்த் கொடுக்கச் சொன்னது நான். வீட்டில் செருப்பு அணிகிறேன் என்று தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கோயிலைப் பற்றிக் கேட்காமல் இருந்ததும் நான். கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பீர்கள். செருப்பில்லாமல், உங்களைப் போலத்தான் என்று.

தங்கள் ஆலயம் திருப்பலியை நேரலையில் காட்டுவதாக அஃப்ஷா ஓர் இணைப்பை அனுப்பினாள். இங்கே சிக்னல் விட்டு விட்டு வருகிறது. பத்து மணிக்குச் சற்று முன்னர் படம் தெரிந்தது. பீடம், நீலத் துணி, பூக்கள். ஓரத்தில் தாங்கள் தெரிந்தீர்கள். கிட்டாரை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். சேலை முந்தானையைப் பட்டைக்கு மேலாக எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். பெட்டியிலிருந்த அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். படம் நின்றுவிட்டது.

இந்தக் கடிதத்தைத் தங்கள் மின்னஞ்சலுக்கும் வாட்ஸாப்புக்கும் தம்பிக்கும், ஆலயத்தின் பெயரில் கண்ட எல்லா எண்களுக்கும் அனுப்புகிறேன். யார் கண்ணில் முதலில் பட்டாலும் அவர் ஓடிப்போய் அந்தச் சுவிட்சை அணைக்க வேண்டும்.

இப்போது படம் மீண்டும் வந்திருக்கிறது. கேமரா பீடத்தை மட்டும் காட்டுகிறது. பாடகர் குழு இருக்கும் மூலை படத்தில் இல்லை. சாமியார் பீடத்தை விட்டு இறங்கி அந்தப் பக்கம் போகிறார். மக்கள் எல்லோரும் எழுந்து அந்த மூலையை நோக்கித் திரும்பி நிற்கிறார்கள். ஒலி வரவில்லை. என் கைபேசியில் வரவில்லையா, அங்கேயே இல்லையா என்று தெரியவில்லை.

ஒரு சொல் போதும். உடனே பதில் எழுதுங்கள்.

சபுரா